அறச்சலூர் இசைக் கல்வெட்டு: கொங்கு நாட்டுப் பாறையில் எழுதிய ஓசை

ஓசைக்கு நிலைத்த உடல் கிடையாது. பாடியவர் வாய் மூடியதும் பாட்டு மறைகிறது. ஆடியவர் கால் ஓய்ந்ததும் சதி மறைகிறது. ஓவியமும் சிற்பமும் கட்டடமும் காலத்தை எதிர்த்து நிற்பதைப் போல் இசை நிற்பதில்லை. எனவே மனிதன் ஓசையை எழுத்துக்குள் பிடித்து வைக்க எப்போது முனைந்தான், எதற்காக முனைந்தான் என்னும் வினா பண்பாட்டு வரலாற்றில் இன்றியமையாத ஒன்றாகும். இவ்வினாவுக்குத் தமிழகம் தரும் மிகப் பழைய விடை அரண்மனையிலோ பெருங்கோயிலிலோ கிடைக்கவில்லை. கொங்கு நாட்டில் துறவியர் தங்கிய ஒரு மலைக் குகையில் அது கிடைத்தது.

ஈரோட்டிலிருந்து அவல்பூந்துறை வழியாகக் காங்கேயம் செல்லும் சாலையில் அறச்சலூர் என்னும் ஊர் உள்ளது. அதனையடுத்த நாகமலையில், மக்கள் ஆண்டிப்பாறை என்று வழங்கும் இடத்தில், இயற்கையாக அமைந்த குகைத்தளம் ஒன்று இருக்கிறது. அங்கே சமணத் துறவியர் படுத்துறங்கிய கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்துப் பொறிப்புகள் மூன்றும் உள்ளன. இவற்றை 1960ஆம் ஆண்டு கண்டறிந்து உலகறியச் செய்தவர் புலவர் செ. இராசு. பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டுத் துறையில் பணியாற்றிய அப்பெருமகனார், தமிழக இசுலாமிய வரலாற்று ஆவணங்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியவர் என்ற வகையில் நம் வாசகர்களுக்கு முன்பே அறிமுகமானவர்தாம்.

கல்லில் உள்ளது என்ன?

மூன்று பொறிப்புகளுள் ஒன்று பெயரைச் சொல்கிறது. ‘எழுத்துப் புணருத்தான் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்’ என்பது அதன் வாசகம். எழுத்துகளை இணைத்து அமைத்தவன் மணி வண்ணக்கனாகிய தேவன் சாத்தன் என்பது அதன் பொருள். ஏனைய இரண்டும் சொற்களால் ஆன வாசகங்கள் அல்ல. ஒவ்வொன்றும் வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகளில் அமைந்த எழுத்துக் கட்டம். முதற்கட்டத்தின் முதல் வரி ‘த தை தா தை த’ என்பது. இரண்டாம் வரி ‘தை தா தே தா தை’. மூன்றாம் வரி ‘தா தே தை தே தா’. நான்காம் வரி இரண்டாம் வரியையும், ஐந்தாம் வரி முதல் வரியையும் அப்படியே ஒத்துள்ளன. மற்றொரு கட்டம் ‘கை’, ‘த’, ‘தை’ என்னும் எழுத்துகளைக் கொண்டு இதே முறையில் அமைந்துள்ளது.

இவற்றின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு எனக் கொள்வோர் பலர். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை முழுமையாக ஆய்ந்து 2003ஆம் ஆண்டு பெருநூல் வெளியிட்ட ஐராவதம் மகாதேவன், எழுத்தின் வடிவம் வட்டெழுத்தை நோக்கி வளைந்து செல்வதைக் கருத்திற்கொண்டு இதனைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் வைக்கிறார். எக்கருத்தை ஏற்பினும், புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள புகழ்பெற்ற குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்கு இது பல தலைமுறை முற்பட்டது என்பதில் ஐயமில்லை.

மணி வண்ணக்கன்

வண்ணக்கன் என்போர் பொன்னையும் நாணயத்தையும் மணியையும் நோட்டம் பார்த்துத் தரம் சொல்பவர். சங்கப் புலவர்களுள் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் போன்றோர் இத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே வழங்கப்பெற்றனர். கல்லின் மாற்றறியும் கண்ணும் சொல்லின் மாற்றறியும் செவியும் ஒருவரிடமே கூடியிருந்தது அக்காலத்திற்குப் புதிதன்று என இதனால் அறிகிறோம். வண்ணம் என்னும் சொல் யாப்பில் ஓசை நடையையும் குறிக்கும். தொல்காப்பியர் இருபது வண்ணங்களைக் கூறுவார். அதைக்கொண்டு வண்ணக்கன் என்பதற்கே ‘வண்ணம் பாடுபவன்’ எனப் பொருள் கூற விழைவோரும் இருக்கலாம். அது கவர்ச்சியான விளக்கம்தான். ஆயினும் ‘மணிய’ என்னும் அடை முன்னே நிற்பதால் அவ்விளக்கம் நிலைபெறாது. தேவன் சாத்தன் மணி நோட்டக்காரன். அவ்வளவே கல் சொல்வது.

அச்சிறு செய்தி பெரியதொரு பின்புலத்தைத் திறந்து காட்டுகிறது. இதே ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்து அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகக் கூறும் கொடுமணம் என்பது ஆய்வாளர் முடிபு. 1985ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில், அரியகற்களை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிற்கூடங்களின் எச்சங்களும், ஆட்பெயர்கள் பொறித்த பானையோடுகள் ஏராளமாகவும் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூர் பெரில் என்னும் பச்சைநீலக் கல்லுக்குப் பெயர்பெற்றது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் உரோமானிய நாணயக் குவியல்கள் வெளிப்பட்டன. சேர நாட்டுக் கடற்கரையையும் கருவூரையும் இணைத்த பெருவழி இந்நிலத்தின் ஊடே சென்றது. மணியைத் தேர்ந்து விலை சொல்லும் ஒருவன் இவ்வட்டாரத்தில் செல்வாக்கோடும் எழுத்தறிவோடும் வாழ்ந்தான் என்பதில் வியப்பில்லை. வணிகப் பெருவழியில் வாழ்ந்த அவன் துறவியர் குகையில் தன் பெயரை விட்டுச் சென்றபோது, கொடுத்த பொருளைச் சொல்லவில்லை. வெட்டுவித்த படுக்கையைச் சொல்லவில்லை. தான் எழுத்தைப் புணர்த்ததைச் சொன்னான். கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரச மரபினர் யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமணத் துறவிக்கு உறையுள் அமைத்துக் கொடுத்ததைப் பொறித்துள்ளனர். பிற குகைக் கல்வெட்டுகளும் பெரும்பாலும் அத்தகைய கொடைச் செய்திகளே. அறச்சலூரோ ஒரு கலைச் செயலை மட்டும் பதிவு செய்கிறது. இதுவே இக்கல்லின் தனித்தன்மை.

கட்டத்தின் உள்ளமைப்பு

முதற்கட்டத்தை இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் கீழிருந்து மேலாகப் படித்தாலும் எழுத்துகளின் வரிசை மாறுவதில்லை. பிற்காலத் தமிழில் இருதலையும் ஒத்துச் செல்லும் செய்யுளை மாலைமாற்று என்றனர். கட்டத்துள் பல திசைகளிலும் படிக்க அமைந்ததைச் சருப்பதோபத்திரம் என்றனர். அவ்வகைச் சித்திரக்கவிகளுக்கெல்லாம் முன்னோடியான எண்ணம் ஒன்று இங்கே கல்லில் உள்ளது.

ஆனால் நான்கு திசை ஒப்புமையோடு நின்றுவிடாமல் கட்டத்தை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். நான்கு மூலைகளிலும் ‘த’ நிற்கிறது. நடுவில் ‘தை’ நிற்கிறது. நடுவின் நான்கு பக்கமும் ‘தே’ சூழ்ந்துள்ளது. ஏதேனும் ஒரு மூலையில் தொடங்கி, பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ ஒவ்வோர் அறையாக நடுவை நோக்கி நகர்ந்தால் ‘த, தை, தா, தே, தை’ என்னும் ஒரே வரிசைதான் கிடைக்கிறது. ஒரு மூலையிலிருந்து நடுவுக்குச் செல்ல ஆறு வழிகள் உள்ளன. ஆறிலும் இதே வரிசைதான். ஆகவே இக்கட்டம் எழுத்துகளை அழகுக்காகச் சிதறி வைத்தது அன்று. ஐந்து படிகள் கொண்ட ஓர் ஏறுவரிசை இதன் உயிர்.

இதை உணர்ந்தபின் வரிகளின் நடையும் தெளிவாகிறது. முதல் வரி முதற்படியில் தொடங்கி மூன்றாம் படி வரை ஏறி, வந்த வழியே இறங்குகிறது. இரண்டாம் வரி இரண்டாம் படியில் தொடங்கி நான்காம் படி வரை ஏறி இறங்குகிறது. மூன்றாம் வரி மூன்றாம் படியில் தொடங்கி ஐந்தாம் படியைத் தொட்டு மீள்கிறது. பின் அதே முறையில் படிப்படியாகத் தொடக்கத்திற்குத் திரும்புகிறது. இன்றும் இசை பயிலும் சிறுவர்களுக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் வரிசைகளை நினைத்துப் பார்ப்போம். ‘ச ரி க ரி ச’ என்று பாடி, பின் ‘ரி க ம க ரி’ என்று ஒரு படி உயர்த்தி, பின் ‘க ம ப ம க’ என்று செல்வது போன்ற பயிற்சி முறையே இது. இந்த ஒப்புமையால் அறச்சலூர் எழுத்துகள் சுரங்கள் என்று ஆகிவிடமாட்டா. ஆனால் ஒன்றைப் பற்றி ஏறி, அதையே பற்றி இறங்கி, தொடக்கத்தை ஒவ்வொரு படியாக உயர்த்திச் செல்லும் கற்பித்தல் முறை ஒன்று இதனுள் இருப்பதாக நாம் கருத இடமுண்டு. அவ்வாறாயின் இது ஒரு பாட்டு அன்று, ஒரு பாடம்.

இசையா, ஆடலா?

இக்கல்வெட்டை இசைக் கல்வெட்டு என்றே வழங்கி வருகிறோம். எனினும் இதிலுள்ள அசைகள் ஏழிசையின் பெயர்கள் அல்ல. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழர் கண்ட ஏழிசை. ‘த’, ‘தை’ முதலியனவோ ஆடல் ஆசிரியர் தட்டுக்கழி கொண்டு சொல்லும் சொற்கட்டுகளையும், முழவின் ஓசையை வாயால் சொல்லும் முறையையும் ஒத்துள்ளன. ‘கை’ என்பது ஆடல் நூலார் கூறும் முத்திரைக் கையை நினைவூட்டினும், அதனை ஓர் ஓசை அசையாகக் கொள்வதே பாதுகாப்பானது. எனவே இதனைப் பண் எழுதிய கல் என்பதைவிட, தாளமும் அடவும் எழுதிய கல் என்பது பொருந்தும்.

இந்த வேறுபாட்டைக் குடுமியான்மலைக் கல்வெட்டோடு ஒப்பிட்டால் நன்கு உணரலாம். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் எழுத்தமைதியில், கிரந்த எழுத்திலும் வடமொழியிலும் அமைந்த அக்கல்வெட்டு ஏழு தலைப்புகளின்கீழ் சுரக்கோவைகளைத் தருகிறது. நான்கு நான்கு சுரங்களாகப் பகுத்து எழுதப்பெற்ற அவற்றில் ச, சி, சு, செ என ஒரே சுரம் உயிரெழுத்தால் வேறுபட்டு நிற்கும். அது யாழ் முதலிய கருவியில் வாசிக்கப்படும் பண்ணின் பதிவு. அறச்சலூரில் பண் இல்லை. ஆயினும் இரு கற்களுக்கும் பொதுவான ஓர் உத்தி உண்டு. மெய்யெழுத்து சிலவாக நிற்க, அதனோடு சேரும் உயிர் மாறி மாறி நுட்பத்தை உணர்த்துகிறது. குறிலும் நெடிலும் ஐகாரமும் ஏகாரமும் ஓசையின் அளவைக் காட்டும் கருவிகளாகின்றன. எழுத்தை மாத்திரையால் அளந்து பழகிய தமிழ் மரபில் இது இயல்பாக எழுந்த சிந்தனை எனலாம்.

பொருளற்ற அசைகளால் ஓசையளவைக் கற்பிக்கும் இவ்வழி தமிழுக்கு மட்டும் உரியதன்று. நம் யாப்பில் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் வாய்பாடுகள் உண்டு. கவி பாடும்போது மாவும் விளாவும் நினைவில் வருவதில்லை, ஓசை மட்டுமே வரும். பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 175ஐ ஒட்டி மறைந்த கலீல் இப்னு அஹ்மத், அரபுச் செய்யுளின் பா நடைகளை ஐந்து வட்டங்களுக்குள் அடக்கிக் காட்டினார். ‘ஃபஊலுன்’, ‘மஃபாயீலுன்’ என்னும் அவர்தம் வாய்பாடுகளும் தேமா, புளிமா போன்றவையே. கடைத்தெருவில் செம்பு தட்டுவோரின் சம்மட்டி ஓசையைக் கேட்டே அவருக்கு இக்கலையின் முதல் எண்ணம் தோன்றியது என்று மரபுவழிச் செய்தி ஒன்று கூறுகிறது. அரபு இசை நூலார் தாளத்தின் அளவை ‘த’, ‘தன்’, ‘தனன்’ போன்ற அசைகளால் குறித்தனர். வட்டத்துள் அடக்கிய பஸரா அறிஞரும், கட்டத்துள் அடக்கிய கொங்கு நாட்டு வண்ணக்கனும் ஒருவரையொருவர் அறியார். எனினும் ஓசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதை வடிவமாக வரைந்து காட்டலாம் என்னும் எண்ணத்தில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

நான்கு திசையிலும் ஒத்துப் படிக்கும் ஐந்துக்கு ஐந்து எழுத்துச் சதுரம் ஒன்று உரோமானிய உலகிலும் உண்டு. ‘சாத்தோர்’ எனத் தொடங்கும் அந்த இலத்தீன் சதுரம், கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரின் சுவரிலேயே காணப்பட்டது. கொங்கு நாட்டில் உரோமானிய நாணயம் கிடைப்பதால் சதுரமும் அங்கிருந்து வந்தது என்று முடிவுகட்ட எவருக்கும் ஆவல் எழும். அதற்குச் சான்றில்லை. இலத்தீன் சதுரம் சொற்களால் ஆனது. அறச்சலூர்ச் சதுரம் ஓசைகளால் ஆனது. எப்பக்கம் கூட்டினும் ஒரே தொகை வரும் எண் சதுரங்களை இஸ்லாமிய உலகின் கணித அறிஞர்கள் வஃப்க் என்னும் பெயரில் ஆழ்ந்து ஆராய்ந்தனர். சமச்சீரின்மேல் மனித அறிவு கொண்ட பற்று எல்லா நாட்டிலும் ஒன்றே என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள். கடன் பெற்றதற்குச் சான்றுகள் அல்ல.

துறவியர் உறையுளில் ஆடல் எழுத்து

கற்படுக்கை கிடந்த குகையில் ஆடல் அசைகள் ஏன்? சமணத் துறவு நெறி ஆடலையும் பாடலையும் விலக்கி நிற்பது. இருந்தும் தமிழ் இசைக்கலையின் பெருஞ்செல்வத்தை நமக்கு எழுதிவைத்தவர்களுள் அந்நெறியினர் முன்னிற்கின்றனர். துறவியான இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணத்தை விரித்துரைத்தார். சமணத் துறவியான திருத்தக்கதேவர், சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையின் யாழ்ப் போட்டியை ஓர் இலம்பகமாகவே பாடினார். விலக்கத்தக்கதை நன்கறிந்தே விலக்க வேண்டும் என்பதும், உலகியற் கல்வியைக் காப்பது அறிவுடையோர் கடன் என்பதும் அவர்கள் கொண்ட நிலை போலும்.

இந்த இழுபறி எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. இஸ்லாமிய உலகில் இசைக்கருவிகளைக் கண்டித்து இப்னு அபித்துன்யா தனிநூல் எழுதினார். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் ஸமாஃ பற்றித் தனியோர் இயலை வகுத்து, எது எவருக்கு எந்நிலையில் தகும், எது தகாது என்று நிறுத்துப் பார்த்தார். அதே உலகில்தான் அல்கிந்தீ இசையை எழுத்துகளால் குறித்தார். ஹிஜ்ரி 339இல் மறைந்த அல்ஃபாராபீ இசை பற்றிய பெருநூலை ஆக்கினார். மங்கோலியரின் பக்தாத் அழிவைக் கண்டு பிழைத்து 1294இல் மறைந்த ஸஃபிய்யுத்தீன் அல்உர்மவீ, தம் ‘கிதாபுல் அத்வார்’ நூலில் எழுத்தும் எண்ணும் கொண்டு மெட்டுகளைக் குறித்துக் காட்டினார்.

கிறித்தவ மடங்களின் வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் ஹார்லி 3019 என்னும் எண்ணில் ஒரு பழஞ்சுவடி உள்ளது. அது ரைம்ஸ் நகர ஆயர் மாத்தெர்னியானுஸ் என்பவரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டது. அவ்வரலாறு முடிந்தபின் எஞ்சிய வெற்றிடத்தில், கி.பி. 900ஐ ஒட்டிய காலத்தில், புனித போனிபாஸ் பெயரிலான சிறு துதி ஒன்றை யாரோ ஓர் எழுத்தர் சேர்த்து எழுதினார். அது இரு குரல்கள் வெவ்வேறு நெறியில் ஒருங்கே செல்லும் பல்குரல் இசை என்பதை ஆய்வாளர் ஜியோவன்னி வாரெல்லி உணர்ந்து, 2014இல் உலகுக்கு அறிவித்தார். நடைமுறையில் பாடுவதற்கென எழுதப்பட்ட பல்குரல் இசைக்கு அதுவரை முதற்சான்றாக இருந்தது கி.பி. 1000ஐ ஒட்டிய வின்செஸ்டர் மடத்துச் சுவடி. இச்சிறு துதி அதற்கும் முந்தியதாயிற்று. அப்பக்கத்தின் உச்சியில் மற்றொரு கை எழுதிய குறிப்பு, அந்த ஆயரின் திருநாள் டிசம்பர் 1 என்கிறது. பெரும்பாலான மடங்கள் ஏப்ரல் 30இல் கொண்டாடிய அத்திருநாளை டிசம்பரில் கொண்டாடியவை வடமேற்கு ஜெர்மனியின் சில மடங்களே. ஒரு தேதியைக் கொண்டு சுவடி எழுதிய நிலப்பகுதியை அறிந்தனர். அறச்சலூரில் ‘மணிய வண்ணக்கன்’ என்னும் இரு சொற்கள் ஒரு தொழிலையும் ஒரு வணிகப் பெருவழியையும் நமக்குக் காட்டுவதைப் போன்றதே இது.

இரு சான்றுகளுக்கும் மற்றோர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் இசை முதன்மை நோக்கம் அன்று. சுவடி ஆயரின் வரலாற்றுக்காக எழுந்தது. குகை துறவியர் உறங்குவதற்காக அமைந்தது. எஞ்சிய இடத்தில், தான் அறிந்ததை இழக்க விரும்பாத ஒருவர் சேர்த்து எழுதியதே பிற்காலத்தார்க்குப் பெருஞ்செல்வமாயிற்று.

கொங்கில் தொடர்ந்த இழை

அறச்சலூரில் தோன்றிய இழை அங்கேயே அறுந்துவிடவில்லை. அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர் கொங்குவேளிர் பெருங்கதையை இயற்றினார். விசயமங்கலம் அவர் ஊர் என்பது கொங்கு நாட்டு மரபு. சமணக் காப்பியமான அதன் தலைவன் உதயணன், கோடபதி என்னும் யாழால் மதயானையையும் அடக்கியவன். முதலும் முடிவும் இழந்த அந்நூலை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்துக் காத்தார். விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் கொங்குச் சமணத்தின் சான்றாக இன்றும் நிற்கிறது. அதே வட்டாரத்து நிரம்பையைச் சார்ந்தவராக அறியப்படும் அடியார்க்குநல்லார் சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதினார். அரங்கேற்று காதைக்கு அவர் எழுதிய உரை இல்லையெனில், பழந்தமிழ் இசை, கூத்து பற்றிய நம் அறிவு மிகவும் குறுகியிருக்கும். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம் முதலிய நூல்களைத் தம் உரைக்கு அடிப்படையாக அவர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். வருந்தத்தக்க வகையில், பாட்டாகவே அமைந்த கானல்வரிக்கு அவர் எழுதிய உரை நமக்குக் கிடைக்கவில்லை.

அவர் குறித்த நூல்களுள் அறிவனாரின் பஞ்சமரபு மறைந்து போனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் ஏட்டுச் சுவடி கொங்கு நாட்டிலேயே வெளிப்பட்டு, வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் அரிய முயற்சியால் 1970களில் அச்சேறியது. இசை, முழவு, தாளம், கூத்து, அவிநயம் என ஐந்து மரபுகளைக் கூறும் அந்நூலும், தாளத்தைக் கட்டத்துள் எழுதிய அறச்சலூர்க் கல்லும் ஒரே நிலப்பகுதியில் கிடைத்தமை நம் சிந்தனைக்குரியது.

நாம் கொள்ள வேண்டியது

இக்கல்வெட்டைப் பற்றிப் பேசுவோர் சிலர், உலகின் முதல் இசைக் குறியீடு இதுவே என்று மேடைகளில் முழங்குவதுண்டு. அது உண்மைக்கு மாறானது. சிரியாவின் உகாரித் நகரில் கிடைத்த ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் கி.மு. 14ஆம் நூற்றாண்டளவிலேயே துதிப்பாடலின் இசையைக் குறித்துள்ளன. இன்றைய துருக்கியில் கண்டெடுக்கப்பட்ட செய்கிலோஸ் கல்லறைத் தூண் முழுப் பாட்டையும் இசையையும் சேர்த்துத் தருகிறது. அறச்சலூரின் பெருமைக்கு இத்தகைய மிகைக்கூற்று தேவையில்லை. தமிழ் எழுத்தில் ஓசையின் ஒழுங்கை எழுதிய முதற்கல் என்பதும், அதை எழுதியவன் தன் பெயரையும் தொழிலையும் சொல்லிச் சென்றான் என்பதுமே போதுமான பெருமை. மிகைப்படுத்துவோர் தம்மை அறியாமலே ஒரு தீங்கு செய்கின்றனர். பொய்த்த புகழைக் கேட்ட அயலார் மெய்யான சிறப்பையும் ஐயுறத் தொடங்கிவிடுவர்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருக்குர்ஆனின் எழுத்துகளுக்கு ஓசைக் குறிகள் இடும் பணியை அபுல் அஸ்வத் அத்துஅலீ தொடங்கினார் என்பதும், கலீல் இப்னு அஹ்மத் அதனைச் செம்மைப்படுத்தினார் என்பதும் நாம் கேட்டு வந்த வரலாறு. அக்குறிகள் அனைத்தும் இருந்தும், ஓதக் கற்பவர் ஆசிரியர் முன் அமர்ந்து அவர் வாய்வழியாகவே ஓதக் கற்கிறார். எழுத்து நினைவுக்குத் துணை. ஆசிரியர் தொடரே அதற்கு உயிர். ஐரோப்பிய மடங்களின் பழங்குறிகளும் அத்தகையவையே. அவை பாடத் தெரிந்தவர்க்கு நினைவூட்டின; தெரியாதவர்க்கு எதையும் கற்பிக்கவில்லை. அறச்சலூரில் எழுத்து எஞ்சியது. சொல்லிக்கொடுத்த வாய்களின் தொடர் அறுந்தது. ‘த தை தா’ என்பதை எந்த நடையில், எந்த விரைவில் சொல்வது என்று காட்ட இன்று எவரும் இல்லை. கட்டத்தின் ஒழுங்கை நாம் காண்கிறோம்; அதன் ஓசையைக் கேட்க முடிவதில்லை.

கேட்க முடியாததற்கு இனி வழியில்லை. காண முடிவதையாவது காப்பது நம் கையில் உள்ளது. தமிழகக் குன்றுகள் பல கல்லுடைப்பால் கரைந்துள்ளன. குகைப் பாறைகளில் வருவோர் போவோர் தம் பெயர்களைக் கிறுக்கிச் செல்வதை எங்கும் காண்கிறோம். சமணர் இன்று தமிழகத்தில் மிகச் சிலரே. அவர்கள் விட்டுச்சென்ற குகையைக் கண்டறிந்தவர் ஒரு தமிழாசிரியர். பஞ்சமரபுச் சுவடியைக் காத்தவர் ஒரு கொங்கு வேளாளர். பெருங்கதையை மீட்டவர் ஒரு சைவ அந்தணர். ஒரு சமூகத்தின் செல்வத்தை மற்றொரு சமூகத்தார் காத்துத் தந்த வரலாறே தமிழின் வரலாறு. நம் முன்னோரின் ஆவணங்களையும் அவ்வாறு பிறர் தேடித் தொகுத்தளித்தனர் என்பதை மேலே கண்டோம். அக்கடன் நம்மேலும் உண்டு.

மணியின் மாற்றறிந்த தேவன் சாத்தன், மணியைவிட நெடுநாள் நிலைக்கும் என்று நம்பி ஓசையைக் கல்லில் எழுதினான். அவன் நோட்டம் பார்த்த மணிகள் எந்நாட்டார் கழுத்திலோ அணியாகி மறைந்தன. அவன் புணர்த்த எழுத்துகள் நாகமலையில் இன்னும் நிற்கின்றன.